சில நூறு பிரதிகளே விற்ற ஆல்பத்தை இன்னும் ஏன் தேடிக் கேட்கிறார்கள்?

நீங்கள் கேட்ட கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: வாஷ்டி பன்யன் என்ற ஆங்கிலப் பாடகியின் 'ஜஸ்ட் அனதர் டயமண்ட் டே' 1970-ல் வந்தபோது சீண்ட ஆளில்லை. இப்போது தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். இரண்டு தடவை கேட்டும் நர்சரி ரைம் போலத்தான் இருக்கிறது. குதிரை வண்டியில் போன கதைதான் ஆல்பத்தை ஓட்டுகிறதா, இல்லை பாட்டிலேயே சரக்கு இருக்கிறதா?

இரண்டாவது தடவையோடு நிறுத்திக்கொண்டவர்கள் நிறையப் பேர். அவர்கள்மேல் தப்பில்லை. கதையும் லேசுப்பட்டதல்ல, கேட்பவரை வாசல்வரை இழுத்துக்கொண்டு வருவது அதுதான். ஆனால் கதைக்காக வந்தவர்கள் ஒரு வாரத்தில் வேறு கதை தேடிப் போய்விடுவார்கள். வருடக்கணக்காக இந்த ஆல்பத்தை விடாமல் வைத்திருப்பவர்களுக்குக் கதை எப்போதோ பழசாகிவிட்டது. என்னைக் கேட்டால், இதிலுள்ள மென்மை ஒன்றும் அறியாத பெண்ணின் வெகுளித்தனம் இல்லை. இருட்டான பாட்டுகளையெல்லாம் எழுதிப் பார்த்துவிட்ட ஒருத்தி, இனி இப்படித்தான் பாடுவேன் என்று எடுத்த முடிவு. அது காதில் விழுந்துவிட்டால் நர்சரி ரைம் வேறு மாதிரி கேட்க ஆரம்பிக்கும்.

கதையை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன்.

1945-ல் நியூகாசிலில் பிறந்து லண்டனில் வளர்ந்தவர். ஆக்ஸ்ஃபோர்டின் ரஸ்கின் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார்; வரைய வேண்டிய நேரத்தில் கிட்டாரோடு உட்கார்ந்து பாட்டு எழுதினார் என்று அனுப்பிவிட்டார்கள். பதினெட்டு வயதில் நியூயார்க் போயிருந்தபோது பாப் டிலனின் 'ஃப்ரீவீலின்' இசைத்தட்டைக் கேட்டு, பாட்டுதான் இனி என்று மனசுக்குள் முடிவாகியிருந்தது. 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸின் மேனேஜர் ஆண்ட்ரூ லூக் ஓல்டமிடம் போய்ச் சேர்ந்தார். பாடகி மரியான் ஃபெய்த்ஃபுல் அப்போதுதான் ஓல்டமின் கையை விட்டுப் போயிருந்தார். அந்த இடத்துக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. மிக் ஜாகரும் கீத் ரிச்சர்ட்ஸும் எழுதிய 'சம் திங்ஸ் ஜஸ்ட் ஸ்டிக் இன் யுவர் மைண்ட்' பாட்டைக் கொடுத்து, பின்னால் ஒரு வாத்தியப் படையையே நிறுத்தி, டெக்கா நிறுவனம் வழியாக சிங்கிளாக, அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சின்னத் தட்டாக, வெளியிட்டார்கள். போணியாகவில்லை. வாஷ்டி சொந்தமாக எழுதிய பாட்டு தட்டின் மறுபக்கத்துக்குப் போனது. அடுத்த வருடம் 'ட்ரெய்ன் சாங்'. அதுவும் ஓடவில்லை. பிறகு ஓல்டமின் சொந்த லேபிளான இமீடியட்டுக்காகப் பதிவுசெய்த பாட்டுகள் அப்போது வெளியே வரவே இல்லை.

பொதுவாக இந்தக் கட்டத்தை எல்லாரும் இரண்டு வரியில் தாண்டிப் போவார்கள். எனக்கு இது முக்கியம். 'டயமண்ட் டே'யைக் கேட்கிறவர்கள், ஏதோ மலையடிவாரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண் தன் பாட்டுக்குப் பாடியதை யாரோ பதிவுசெய்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். பாடியவர் லண்டன்காரர். பாப் சந்தையில் மூன்று வருடம் அடிபட்டவர். தன்னை ஃபோக் பாடகி, அதாவது நாட்டுப்புறப் பாடகி, என்று அழைப்பதை அவர் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. இரண்டு நிமிடத்துக்குள் மெட்டை நிறுத்தி, மனசில் பதியவைத்து, சத்தமில்லாமல் இறங்கிப் போகிற வித்தை அவருக்கு சிங்கிள் உலகத்தில் கைவந்தது. இந்த ஆல்பத்தின் எலும்பு அதுதான். மேலே போர்த்தியிருப்பதுதான் கிராமம்.

லண்டன் வெறுத்துப்போன சமயத்தில் ராபர்ட் லூயிஸ் என்ற ஓவிய மாணவரோடு சேர்ந்தார். அவர் படித்த ரேவன்ஸ்போர்ன் கலைக்கல்லூரிக்குப் பின்னாலிருந்த காட்டில், புதருக்கு அடியில் குடித்தனம். அந்த நிலம் பேங்க் ஆஃப் இங்கிலாந்துக்குச் சொந்தம். காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். அதே நேரத்தில் பாடகர் டோனவன் ஸ்காட்லாந்தில் ஸ்கை தீவை ஒட்டிச் சில குட்டித் தீவுகளை வாங்கி, கலைஞர்கள் எல்லாரும் கூடி வாழலாம் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். குதிரையும் வண்டியும் வாங்கக் கடனும் கொடுத்தார். 1968-ல் இருவரும் கிளம்பினார்கள். குதிரையின் பெயர் பெஸ், நாயின் பெயர் ப்ளூ. நடுவில் குளிர்காலத்துக்கு நிறுத்தி, மறுபடி கிளம்பி, ஒரு வருடத்துக்கு மேல் ஊர் ஊராகப் போனார்கள். ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தபோது டோனவன் அங்கே இல்லை. கனவுக் குடியிருப்பும் கலைந்திருந்தது. அவர்கள் இன்னும் மேற்கே, ஹெப்ரிடீஸின் பெர்னரே தீவுவரை போய்விட்டார்கள்.

ஆல்பத்தின் பெரும்பாலான பாட்டுகள் இந்த வழியில் பிறந்தவை. 1968 கிறிஸ்துமஸ் சமயத்தில், பயணத்தின் இடைவெளியில், தயாரிப்பாளர் ஜோ பாய்டைச் சந்தித்தார். பயணப் பாட்டுகளை ஒரு ஆல்பமாகப் போடலாம் என்று அவர் சொன்னார். ஒரு வருடம் கழித்து, 1969-ன் கடைசியில், லண்டன் செல்ஸியில் சவுண்ட் டெக்னிக்ஸ் ஸ்டுடியோவில் பதிவு நடந்தது. ஒரு காலத்தில் பால் பண்ணைக் கட்டடமாக இருந்த இடம். பாடகர் நிக் டிரேக்கும் ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்ற ஃபோக் குழுவும் பாடிய அதே கூடம்.

ஏன் ஓடவில்லை என்பதற்குப் பெரிய மர்மம் எதுவும் கிடையாது. 'காலத்துக்கு முந்திய படைப்பு' என்று சொல்வது எல்லாருக்கும் பிடிக்கும், ஆனால் நடந்தது வெறும் வியாபாரம். பதிவு முடிந்து ஒரு வருடம் டேப் சும்மா கிடந்தது. 1970 டிசம்பரில் பிலிப்ஸ் நிறுவனம் வெளியிட்டபோது, பாய்ட் தன் விட்ச்சீசன் கம்பெனியை ஐலண்ட் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்கு விற்றுவிட்டு அமெரிக்காவில் வார்னர் பிரதர்ஸ் வேலைக்குப் போகிற மும்முரத்தில் இருந்தார். ஆல்பத்துக்காக நாலு பேரிடம் பேச வேண்டிய மனிதர் ஊரிலேயே இல்லை. பாடியவரோ கைக்குழந்தைக்காரி, மேடைக் கச்சேரி என்ற பேச்சே கிடையாது. சில விமர்சனங்கள் அன்பாகவே எழுதின. விற்றது சில நூறு பிரதிகள். இதே காலத்தில், இதே தயாரிப்பாளரிடம், நிக் டிரேக்கின் ஆல்பங்களும் விற்காமல்தான் கிடந்தன. இந்த இருவரையும் ஒரு அறையில் உட்காரவைத்துச் சேர்ந்து பாட்டு எழுதச் சொன்னார் பாய்ட். வாய் திறக்காத இரண்டு பேர். ஒரு பாட்டும் வரவில்லை.

சரி, பாட்டுக்கு வருவோம்.

முதல் பாட்டு 'டயமண்ட் டே'. இரண்டு நிமிடம்கூட முழுசாக இல்லை. உழுவதற்கு ஒரு வயல், ஒரு கோதுமை மணி, விதைப்பதற்கு ஒரு மூட்டை, பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். ஒரு சரணம் முடிந்தது. நான்கு வரிக்குள் உழவு, விதைப்பு, விளைச்சல், சோறு என்று ஒரு வருடத்தையே நடத்திவிட்டார். எந்த வரியிலும் அழகு என்றோ ஆனந்தம் என்றோ ஒரு சொல் கிடையாது. பொருள்களை வரிசையாக எடுத்து வைப்பதோடு சரி. கொஞ்ச நேரத்தில் வார்த்தைகளையும் விட்டுவிட்டு வெறும் 'லா லா' என்று போகிறது. கேட்டால் வண்டிக்குப் பக்கத்தில் நடந்துகொண்டே கட்டிய மெட்டு என்றுதான் படுகிறது. மூச்சு எடுக்க வேண்டிய இடத்தில் சரியாக வரி முடிகிறது. நம்மூர் ஏற்றப் பாட்டில், சால் மேலே வந்து கவிழ்வதற்குள் ஓரடி முடிய வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டே, அந்தக் கணக்குதான். குழந்தைப் பாட்டு எளிமையாக இருப்பது குழந்தைக்குப் புரிவதற்காக. இது எளிமையாக இருப்பது அடுத்த மைலைக் கடப்பதற்காக. மேலோட்டமாகக் கேட்டால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும், அதனால்தான் உங்களுக்கு நர்சரி ரைம் ஞாபகம் வந்தது.

இந்தப் பாட்டுக்கு இசை கோர்த்தவர் ராபர்ட் கிர்பி. கேம்பிரிட்ஜில் நிக் டிரேக்கின் நண்பர். டிரேக்கின் முதல் ஆல்பத்தில் வரும் வயலின் கூட்டத்தில் பெரும்பகுதி அவர் கைவேலை. இங்கே 'டயமண்ட் டே', 'ஸ்வாலோ சாங்', 'ரெயின்போ ரிவர்' என்று மூன்று பாட்டுகளைச் செய்திருக்கிறார். தந்தி வாத்தியங்களோடு ரெக்கார்டர் என்கிற மரக்குழலையும் சேர்த்தார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஊதும் குழல் அது. கொஞ்சம் பிசகினாலும் பள்ளி ஆண்டுவிழா ஆகிவிடும். ஆகவில்லை. 'ரெயின்போ ரிவர்' பாட்டைத் தலையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒருமுறை வாத்தியங்களுக்காக மட்டும் கேளுங்கள். அந்தக் குரலைத் தூக்கிப் பிடித்து உருக்கமாக்க எங்கேயும் முயற்சி இல்லை. இடைவெளியில் வந்து ஒரு பதில் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றன. முதல் சிங்கிளில் ஓல்டம் செய்ததற்கு நேர் எதிர்: அங்கே வாத்தியப் படைக்கு அடியில் குரல் நசுங்கியது, இங்கே குரல் எவ்வளவு இடம் விட்டதோ அவ்வளவுதான் வாத்தியத்துக்கு.

குரலைப் பற்றி எழுதுகிற எல்லாரும் 'கிசுகிசுப்பு' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். கிசுகிசுப்பு என்றால் ரகசியம் சொல்வது, கேட்பவரைப் பக்கத்தில் இழுப்பது. வாஷ்டி யாரையும் இழுப்பதில்லை. சன்னமான குரல், ஆனால் சுருதி இம்மி விலகாது. மேல் ஸ்வரத்துக்குப் போகும்போது பெரும்பாலான பாடகர்கள் கொஞ்சம் அழுத்துவார்கள், கொஞ்சம் நடுக்குவார்கள். 'இதோ பார், இங்கே மனசு உருக வேண்டும்' என்று நமக்கு ஜாடை காட்டுவார்கள். இவர் கீழே பாடிய அதே அளவில்தான் மேலேயும் பாடுகிறார். நீங்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அந்தக் குரல் இதே வேகத்தில் போய்க்கொண்டிருக்கும் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. திரும்பத் திரும்பக் கேட்டாலும் அலுக்காததற்கு எனக்குத் தெரிந்து இதுதான் முதல் காரணம். கெஞ்சுகிற பாட்டு சீக்கிரம் சலித்துவிடும்.

ஆல்பத்தின் உச்சம் என்று நான் சொல்வது 'ரோஸ் ஹிப் நவம்பர்'. இன்கிரெடிபிள் ஸ்ட்ரிங் பேண்டின் ராபின் வில்லியம்சன் விசிலும் ஐரிஷ் ஹார்ப்பும் வாசித்திருக்கிறார். இலையுதிர்காலம், வாசலில் வந்து விழும் பொன்னிற இலை, காற்றில் வரும்போதே ஒரு இலையைப் பிடித்துவிட்டால் அதிர்ஷ்டம் என்ற பழைய நம்பிக்கை. பாட்டு அசைவதே தெரியாது. ஹார்ப்பின் தந்திகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுகின்றன, அடுத்தது எப்போது விழும் என்று காது காத்திருக்கிறது. ஒரு பயணப் பாட்டுத் தொகுப்பின் நடுவில் இப்படி நின்றுபோன ஒரு பாட்டு வருவதால் மற்ற பாட்டுகளின் நடை இன்னும் தெளிவாகக் கேட்கிறது. நவம்பர் வந்துவிட்டால் குதிரை வண்டி நகராது, குளிரைக் கழித்தாக வேண்டும் என்பதையும் சேர்த்து யோசித்தால் அந்த அசையாமை அலங்காரம் இல்லை என்று புரியும்.

'ஜாக் அலாங் பெஸ்', 'கம் விண்ட் கம் ரெயின்' போன்றவற்றில் ஃபேர்போர்ட் கன்வென்ஷனின் சைமன் நிக்கோலும் டேவ் ஸ்வார்பிரிக்கும் பேஞ்ஜோ, ஃபிடில், மாண்டலின் என்று கலகலப்பாக்குகிறார்கள். கேட்க ஜோர்தான். ஆனால் ஆல்பத்துக்கு ஃபோக் என்ற முத்திரை விழுந்தது இவர்கள் வாசிப்பால்தான், வாஷ்டிக்கு அதில் வருத்தம் இருந்தது. எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது. அந்தக் கலகலப்பு இல்லாவிட்டால் முழு ஆல்பமும் ஒரே வெளிச்சத்தில் இருந்திருக்கும். அது இருப்பதால் கேட்கிறவர்கள் ஆளை மாற்றிப் புரிந்துகொண்டார்கள்.

இனி அந்த இருட்டு விஷயம். 2000-ல் வந்த மறுவெளியீட்டு சிடியில் பழைய பாட்டுகள் சிலவற்றைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். 'விண்டர் இஸ் ப்ளூ', 'ஐட் லைக் டு வாக் அரவுண்ட் இன் யுவர் மைண்ட்' இரண்டையும் கட்டாயம் கேட்க வேண்டும். பயணத்துக்கு முந்தியவை, இமீடியட் காலத்தவை. முதலாவது, போன காதலைப் பற்றி. உலகம் முழுக்க எல்லாரும் நன்றாக இருக்க, பாடுகிறவளுக்கு மட்டும் ஒன்றுமில்லாமல் போன மாதிரி. இரண்டாவது இன்னும் கூர்மை. யாரிடமும் ஒட்டாமல், யாரையும் புண்படுத்தாமல், அமைதியாக இருப்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு ஆண். அவன் மனசுக்குள் புகுந்து நடக்க வேண்டும், அவன் சொன்னதையெல்லாம் மிதிக்க வேண்டும், அவன் தனிமையின்மேல் ஏறிக் குதிக்க வேண்டும், அந்தச் சுகமான நிம்மதியைக் குலைக்க வேண்டும் என்று அதே சன்னக் குரலில், ஒரு துளி கோபம் காட்டாமல் பாடுகிறார். கேட்டவுடன் சிரிப்பு வரும். பிறகு லேசாகப் பயம் வரும்.

இதை எழுதிய கைதான் இரண்டு வருடம் கழித்து மின்மினியையும் புல்லையும் எழுதியது. கோபம் தெரியாததால் எழுதவில்லை. எழுதத் தெரிந்ததை ஒதுக்கிவைத்துவிட்டு எழுதினார். சுயபரிதாபத்தின் கூர்மை அவருக்குக் கைவந்த ஆயுதம். அதைப் போட்டுவிட்டு வயல், விதை, இலை, குதிரை என்று எடுத்துக்கொண்டார். 'டயமண்ட் டே'யில் 'நான்' என்கிற ஆளும், அவளுடைய காயமும் கிட்டத்தட்ட காணாமல் போய்விட்டதைக் கவனியுங்கள். அறுபதுகளின் கடைசியில் பாடலாசிரியர்கள் எல்லாரும் தங்கள் மனசைக் கீறிக் காட்டத் தொடங்கிய நேரம் அது. அந்தச் சந்தை சூடுபிடித்துக்கொண்டிருந்தபோது இவர் அதை விட்டு நடந்து போய்விட்டார்.

இதற்கு ஒரு எதிர்வாதம் உண்டு, அதில் நியாயமும் உண்டு. நகரத்துப் பிள்ளைகள் வண்டி கட்டிக்கொண்டு கிராமத்துக்குப் போய் உழவைப் பற்றிப் பாடுவது, உழுகிறவனுக்கு எப்படி இருக்கும்? உழுகிறவன் அதை வைரம் என்றா சொல்வான்? அந்தக் கால ஹிப்பிப் பாட்டுகள் பலவற்றுக்கு இந்தக் கேள்வி சரியான அடி. ஆனால் இந்த ஆல்பம் கிராமத்தைப் பற்றிய செய்தி அறிக்கையாகத் தன்னைச் சொல்லிக்கொள்ளவில்லை. இதில் பல பாட்டுகள் விருப்பப் பட்டியல்கள். 'விண்டோ ஓவர் தி பே' பாட்டில் வளைகுடாவைப் பார்த்த ஜன்னலோடு ஒரு வீடு இருக்கிறது. பாடுகிறவளுக்கு அந்த வீடு இல்லை, வேண்டும். இன்னும் போய்ச் சேராத ஊருக்கான பாட்டு. போய்ச் சேர்ந்தபோது ஊரே இல்லை என்பது நமக்குத் தெரியும், பாட்டுக்குத் தெரியாது. 2022-ல் 'வேவர்ட்' என்ற பெயரில் வாஷ்டி தன் கதையைப் புத்தகமாக எழுதினார். மழை, குளிர், காசில்லாத் திண்டாட்டம், முகத்தில் அறைந்து சாத்திய கதவுகள் என்று பாட்டில் விட்டுவைத்ததெல்லாம் அதில் வருகிறது. படித்த பிறகு பாட்டுகள் பொய்யாகிவிடும் என்று சிலர் பயந்தார்கள். எனக்கு உல்டாவாகத்தான் நடந்தது. நனைந்த துணியோடு கிடந்து எழுதிய வரி என்று தெரிந்தால் அந்த வரிக்கு எடை கூடத்தான் செய்கிறது.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். 'லில்லி பாண்ட்' பாட்டு 'ட்விங்கிள் ட்விங்கிள் லிட்டில் ஸ்டார்' மெட்டிலேயே போகிறது. நர்சரி ரைம் என்ற உங்கள் குற்றச்சாட்டுக்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டாம். நான் பெரும்பாலும் அதைத் தள்ளிவிட்டுத்தான் போவேன். 'டிமதி க்ரப்' ஒரு குட்டிக் கதை. நத்தைக்கும் புழுவுக்கும் பேர் வைத்துச் சொன்ன கதை. முதலில் அதையும் தள்ளத் தோன்றும். ஆனால் அதற்குள் இருப்பது, இருந்த இடத்திலிருந்து ஒரு கூட்டம் கிளப்பப்படுவது. அந்தக் கல்லூரிக் காட்டுப் புதரிலிருந்து வாஷ்டியையும் ராபர்ட்டையும் வெளியேற்றியதுதான் கதை. குழந்தைப் பாட்டு வடிவத்தில் ஒரு வெளியேற்ற வழக்கு. இது தெரிந்த பிறகு என்னால் அதைத் தள்ள முடிவதில்லை, என்றாலும் பாட்டாகப் பார்த்தால் நீளம் அதிகம்.

திரும்பி வந்த கதை பலருக்கும் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்கிறேன். ஆல்பம் கிணற்றில் போட்ட கல்லானதும் வாஷ்டி பாட்டை மூட்டை கட்டிவிட்டார். ஸ்காட்லாந்து, அயர்லாந்து, மறுபடி ஸ்காட்லாந்து என்று மூன்று பிள்ளைகளையும் கால்நடைகளையும் வளர்த்தார். பிள்ளைகளுக்குக்கூடப் பாடவில்லை என்று சொல்லியிருக்கிறார். இதற்கிடையில் பழைய இசைத்தட்டு சேகரிப்பவர்கள் மத்தியில் அந்த எல்பி கைமாறிக்கொண்டே விலை ஏறியது. பிற்பாடு இரண்டாயிரம் பவுண்டுவரை போனது. அவருக்கு ஒன்றும் தெரியாது. தொண்ணூறுகளின் கடைசியில் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்து, இணையத்தில் தன் பெயரைத் தட்டிப் பார்த்தபோதுதான் யாரோ தன்னைத் தேடுவது தெரிந்தது. 2000-ல் ஸ்பின்னி என்ற சின்ன லேபிள் மறுவெளியீடு செய்தது. டெவெண்ட்ரா பான்ஹார்ட் என்ற இளம் பாடகர் கடிதம் எழுதி, தான் பாடுவதைத் தொடரலாமா என்று கேட்டார்; தொடரச் சொல்லி வாஷ்டி பதில் போட்டார். 2004-ல் அவரோடு ஒரு பாட்டு, 2005-ல் அனிமல் கலெக்டிவ் குழுவோடு ஒரு குட்டி வெளியீடு. அதே வருடம் மாக்ஸ் ரிக்டர் தயாரிப்பில் இரண்டாவது ஆல்பம் 'லுக்காஃப்டரிங்'. முதலாவதற்கும் இதற்கும் 35 வருடம். அட்டையில் இருப்பது மகள் வின் லூயிஸ் வரைந்த முயல். மூன்றாவது, 'ஹார்ட்லீப்', 2014-ல்.

நடுவில் விளம்பரங்களும் வந்தன. பிரிட்டனில் ஒரு செல்போன் விளம்பரத்துக்கு 'டயமண்ட் டே' போனது. 'ட்ரெய்ன் சாங்'கை அமெரிக்க விளம்பரமும் 'ட்ரூ டிடெக்டிவ்' தொடரும் எடுத்துக்கொண்டன. ஃபெய்ஸ்டும் பென் கிப்பர்டும் 2009-ல் அதைத் திரும்பப் பாடினார்கள். விளம்பரத்தில் கேட்டு வந்தவர்களை ஏளனமாகப் பார்க்கும் பழைய ரசிகர்கள் உண்டு. அவர்கள் கையில் இருக்கும் பிரதியும் 2000-க்குப் பிந்தியதாகத்தான் இருக்கும். 1970-ல் காசு கொடுத்து வாங்கிய சில நூறு பேருக்கு மட்டும்தான் அந்த உரிமை.

இளைஞர்கள் கொண்டாடியதால்தான் ஆல்பம் நிலைத்தது என்று ஒரு வாதம் உண்டு. 2004 வாக்கில் அமெரிக்காவில் 'ஃப்ரீக் ஃபோக்' என்று ஒரு அலை அடித்தது, அதற்கு ஒரு பாட்டி தேவைப்பட்டார், இவர் கிடைத்தார் என்பார்கள். அலை அடித்தது உண்மை. அது ஓய்ந்தும் வருடங்கள் ஆகிவிட்டன. அந்த அலையில் வந்த ஆல்பங்களில் பாதியை இன்று யாரும் எடுப்பதில்லை. அலங்காரம் அதிகம்; விசித்திரமாக இருக்க வேண்டுமென்றே விசித்திரமாக இருந்தவை. 'டயமண்ட் டே'யில் விசித்திரம் என்று எதுவும் இல்லை, தேய்ந்துபோவதற்கு.

நீங்கள் மறுபடி ஒருமுறை முயல்வதாக இருந்தால், ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து போடாதீர்கள். சிடியின் கூடுதல் பாட்டுகளில் தொடங்குங்கள். 'ஐட் லைக் டு வாக் அரவுண்ட் இன் யுவர் மைண்ட்' முதலில், அடுத்து 'விண்டர் இஸ் ப்ளூ'. அதன் பிறகு 'ரோஸ் ஹிப் நவம்பர்', 'ரெயின்போ ரிவர்', 'க்ளோ வார்ம்ஸ்'. இந்த ஐந்தும் பிடித்துவிட்டால் முழு ஆல்பத்தையும் வரிசையாகக் கேட்கலாம். பதினான்கு பாட்டும் சேர்ந்து அரைமணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடத்தான். வீட்டு வேலை செய்துகொண்டோ நடந்துகொண்டோ கேட்பது நல்லது. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் தூக்கம் வந்துவிடும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஐந்தும் பிடிக்கவில்லையென்றால் 'லுக்காஃப்டரிங்' கேளுங்கள். வயதான குரல், பியானோ, பிள்ளைகள் வளர்ந்து போன வீடு. சில பேருக்கு அதுதான் முதலில் திறக்கிறது, அங்கிருந்து பின்னோக்கி 1970-க்கு வருகிறார்கள்.